மலம் அடக்க முடியாத பிரச்சினைக்கு அக்குபங்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு வரும் மலக்கசிவைப் பற்றியும், அதற்கு ஊசி வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. குழந்தைகளுக்கு வருவது வேறு கதை, அது இங்கே இல்லை.

மலக்கசிவு என்று எதைச் சொல்கிறார்கள்? உள்ளாடையில் லேசாகக் கறை படுவதும் அதுதானா?

ஆமாம், அதுவும் சேர்த்திதான். நம் விருப்பம் இல்லாமல் மலம் வெளியே வந்தால் அது மலக்கசிவு. சிலருக்கு அவசரம் வந்த பிறகு கழிப்பறை வரை தாங்காது. சிலருக்கு வந்ததே தெரியாது, துணியைப் பார்த்த பிறகுதான் தெரியும். இன்னும் சிலருக்குப் போய்விட்டு வந்து கழுவிய பிறகும் அரைமணி நேரத்தில் கொஞ்சம் கசியும். இந்த மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் வேறுவேறு என்பதால், மருத்துவரிடம் சொல்லும்போது எந்த வகை என்று பிரித்துச் சொல்வது பாதி வேலையை முடித்துவிடும்.

வயதானவர்களுக்கு மட்டும்தானே வரும்?

இல்லை. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இல்லாமல் வீட்டில் வாழும் பெரியவர்களிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 100க்கு 8 பேருக்கு மேல் இந்தப் பிரச்சினை இருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிடம் 100க்கு 3 பேருக்கும் குறைவு, 70 வயதைத் தாண்டியவர்களிடம் 15 பேர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவு. ஆண்கள் இதைப் பேசுவதே இல்லை என்பதால் இது பெண்களின் பிரச்சினை என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

மலத்தை அடக்கும் வேலை உடலில் எப்படி நடக்கிறது?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. உள்வளையம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. தூங்கும்போதும் அது இறுக்கமாகவே இருக்கும், ஓய்வு நேர இறுக்கத்தின் பெரும்பகுதி அதனுடையது. வெளிவளையம் நம் சொல் கேட்கும். பஸ்ஸில் போகும்போது அவசரம் வந்தால் நாம் இறுக்கிப் பிடிப்பது அதைத்தான். இவற்றுக்கு மேலே மலக்குடலைப் பின்னாலிருந்து முன்பக்கமாக இழுத்து வளைத்து வைத்திருக்கும் இன்னொரு தசை இருக்கிறது. அந்த வளைவு இருக்கும்வரை மலம் சட்டென்று இறங்காது.

தசை மட்டும் போதாது. மலக்குடல் நிறைந்திருப்பதை உணர வேண்டும், வந்திருப்பது காற்றா நீரா கட்டியா என்று அடையாளம் காண வேண்டும், கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மலக்குடல் விரிய வேண்டும். வெளிவளையத்துக்குக் கட்டளை போகும் நரம்பு முதுகுத்தண்டின் அடியில், திருவெலும்பின் 2, 3, 4ஆம் நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஊசிப் புள்ளிகளைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

எதனால் கெட்டுப்போகிறது?

பெண்களிடம் முதல் சந்தேகம் சுகப்பிரசவத்தின்போது ஏற்பட்ட கிழிசல். பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்தது, நீண்ட நேரம் முக்கியது, இவற்றில் எதுவானாலும் வளையத் தசை கிழிந்திருக்கலாம். வேடிக்கை என்னவென்றால் கிழிந்த உடனே தெரியாமல், இருபது முப்பது வருடம் கழித்து மாதவிடாய் நின்ற பிறகு கசிவு தொடங்குவதும் உண்டு. அதுவரை மற்ற தசைகள் சமாளித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஆசனவாயில் செய்த அறுவை. மூலம், பௌத்திரம், வெடிப்பு எதற்குச் செய்திருந்தாலும் வளையத் தசை வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. நம்மூர்ச் சுவர்களில் ‘மூலம் பௌத்திரம் ஒரே நாளில்’ என்று எழுதியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்துப் போய்ப் படிப்பில்லாதவரிடம் அறுத்துக்கொண்டு, பிறகு வாழ்நாள் முழுக்கக் கசிவோடு இருப்பவர்கள் உண்டு.

அப்புறம் நரம்பு. நீண்ட கால சர்க்கரை நோய், பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, பார்க்கின்சன். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றால் மலக்குடல் விறைத்துப்போய் விரியாது. கர்ப்பப்பை வாய், புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மலக்குடலே வெளியே இறங்கி வருவது இன்னொன்று, அதை மூலம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, தசையும் நரம்பும் நன்றாகவே இருந்து, மலம் மட்டும் தண்ணீராகப் போவது. நல்ல வளையத் தசையாலேயே பேதியைத் தாங்க முடியாது, பலவீனமானது எப்படித் தாங்கும்? சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பால் ஒத்துக்கொள்ளாதது, காபி, சர்க்கரை இல்லாத இனிப்புகள், மலச்சிக்கலுக்குத் தினமும் சாப்பிடும் சூரணம், இவையெல்லாம் காரணமாக இருந்து, மாற்றியவுடன் கசிவு பாதியாகக் குறைந்தவர்கள் உண்டு. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்.

அக்குபங்சரில் இதற்கு எங்கே ஊசி வைக்கிறார்கள்?

ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சில புள்ளிகள் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். யூ.பி., ஜி.வி. போன்ற எழுத்துகள் சீன மரபு உடலில் வகுத்த பாதைகளின் ஆங்கிலச் சுருக்கம், எண் அந்தப் பாதையில் எத்தனையாவது புள்ளி என்பது. திருவெலும்பின் மேல் இருபுறமும் நான்கு நான்காக இருக்கும் எட்டுப் புள்ளிகள் (யூ.பி. 31 முதல் 34 வரை), வால் எலும்பு நுனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள ஜி.வி. 1, உச்சந்தலையில் ஜி.வி. 20, முழங்காலுக்குக் கீழே எஸ்.டி. 36, கணுக்காலின் உள்பக்கம் நான்கு விரல் மேலே எஸ்.பி. 6. உறுப்புகள் கீழே இறங்குவதற்கு உச்சந்தலையில் ஊசி வைப்பது சீன மரபில் பழைய வழக்கம், மேலே இழுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

சிலர் ஊசிகளில் மின் கம்பி மாட்டி லேசான துடிப்பைச் செலுத்துவார்கள். அதற்கு எலெக்ட்ரோ அக்குபங்சர் என்று பெயர்.

அந்தப் புள்ளிகளுக்கும் அடக்கும் நரம்புகளுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. இந்த விஷயத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

திருவெலும்பில் உள்ள எட்டுப் புள்ளிகள் அந்த எலும்பின் எட்டுத் துளைகளுக்கு மேலேயே அமைந்திருக்கின்றன. அந்தத் துளைகள் வழியாகத்தான் திருவெலும்பு நரம்புகள் வெளியே வருகின்றன. யூ.பி. 33 மூன்றாம் துளையின் மேல். 1995இல் ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் கிளவுஸ் மாட்செல் குழு மலக்கசிவுக்கு ஒரு புதிய சிகிச்சையை லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. திருவெலும்புத் துளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, பேஸ்மேக்கர் போன்ற சிறு பெட்டியைத் தோலுக்கடியில் பொருத்தி நரம்பைத் தொடர்ந்து தூண்டுவது. இன்று பெரும்பாலும் கம்பி போவது அதே மூன்றாம் துளைக்குள்தான். மற்றதெல்லாம் தோற்றவர்களுக்கு உலகம் முழுக்கச் செய்யப்படும் சிகிச்சையாக அது வளர்ந்துவிட்டது. இந்தியாவில் சில பெரிய மருத்துவமனைகளில் மட்டும் கிடைக்கிறது, செலவும் அதிகம்.

இரண்டாவது கணுக்கால். எஸ்.பி. 6க்கு அருகே ஓடும் நரம்பின் வேர்களும் முதுகுத்தண்டின் அதே அடிப்பகுதியிலிருந்து வருகின்றன. சீன மரபு சொல்லும் இந்த இடத்தைப் பார்த்துத்தான் 1980களில் அமெரிக்காவில் கணுக்கால் நரம்பை மின்சாரத்தால் தூண்டிச் சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும் முயற்சி தொடங்கியது. பிறகு மெல்லிய ஊசியும் சிறு கருவியுமாக அது ஒழுங்கான சிகிச்சையானது. 2003இல் எகிப்தில் அகமத் ஷாஃபிக் அதை மலக்கசிவுக்குச் செய்து பார்த்தார். வாரம் ஒருமுறை அரைமணி நேரம், பன்னிரண்டு வாரம் என்பது இன்று வழக்கமான கணக்கு.

இடம் சரியாகப் பொருந்துகிறது என்பதால் சிகிச்சையும் வேலை செய்யும் என்று ஆகிவிடாது. அது அடுத்த கேள்வி.

சரி, ஆதாரம் என்ன சொல்கிறது?

மரபான அக்குபங்சர் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு, இருப்பவையும் சிறியவை. அதிகம் பேசப்படுவது 2009இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வு. 15 பெண்களுக்கு வாரம் ஒருமுறை, பத்து வாரம் ஊசி வைத்தார்கள். கசிவின் மதிப்பெண் நன்றாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஊசி வைக்காத ஒரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடவில்லை.

ஒப்பீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003இல் வெளியான அந்த ஆய்வில் 171 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு, மருந்து, கழிப்பறைப் பழக்கம் பற்றிய ஆலோசனை மட்டும். அடுத்ததற்கு அதோடு தசைப் பயிற்சி. மற்ற இரண்டுக்கும் தசை எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கருவியில் பார்த்துக்கொண்டே செய்யும் பயோஃபீட்பேக் பயிற்சியும் சேர்ந்தது. முடிவில் எல்லாக் குழுவிலும் பாதிப் பேர் தேறினார்கள். உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்டு, என்ன சாப்பிட வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு செவிலியர் சொல்லிக் கொடுத்ததே பாதிப் பேருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது! அப்படியானால் வாரம் ஒருமுறை ஒருவர் அரைமணி நேரம் உங்களோடு இருந்து, நாடி பார்த்து, விசாரித்து, ஊசி வைத்தால் பலர் தேறத்தான் செய்வார்கள். அதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிக நெருங்கிப் போனது பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் நடந்து 2015இல் லான்செட்டில் வெளியான ஆய்வு. சோதித்தது கணுக்கால் ஊசி மின்தூண்டலை. 227 பேரில் பாதிப் பேருக்கு உண்மைச் சிகிச்சை, மீதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் போலிச் சிகிச்சை. வாரக் கசிவு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் உண்மைக் குழுவில் 100க்கு 38, போலிக் குழுவில் 31. இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது என்பதால் முடிவு தோல்வி என்றே எழுதினார்கள். வாரத்துக்கு எத்தனை முறை கசிகிறது என்ற சராசரியில் மட்டும் உண்மைக் குழு கொஞ்சம் முந்தியது. பிறகு அமெரிக்காவில் பெண்களிடம் நடந்த இதே மாதிரி ஆய்விலும் போலிச் சிகிச்சையைத் தாண்ட முடியவில்லை.

போலிச் சிகிச்சை வாங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கசிவு பாதியாகியிருக்கிறது, பாருங்கள். ‘ஊசி வைத்தேன், குறைந்தது’ என்ற வாக்குமூலங்களை அந்த எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

என் கணிப்பு இது: ஊசியால் கொஞ்சம் பலன் இருக்கக்கூடும், இருந்தாலும் பெரிதாக இருக்காது. மற்ற எளிய வழிகளைச் செய்துகொண்டே கூடுதலாக ஊசியும் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அவற்றை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்புவதுதான் தப்பு.

சீனாவில் பெரிய ஆய்வில் நல்ல முடிவு வந்ததாகப் படித்தேனே?

அது சிறுநீர்க் கசிவுக்கு. 2017இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. இருமினால் தும்மினால் சிறுநீர் கசியும் 504 பெண்களுக்கு, ஆறு வாரத்தில் 18 முறை, திருவெலும்புப் பக்கத்தில் எலெக்ட்ரோ அக்குபங்சர். போலி ஊசியைவிட நன்றாகவே குறைந்தது. அதற்கு முந்தைய வருடம் கடும் மலச்சிக்கல் உள்ள 1,075 பேரிடம் நடந்த சீன ஆய்விலும் பலன் தெரிந்தது. இரண்டும் மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் மலக்கசிவு வேறு பிரச்சினை. விளம்பரங்களில் இந்த ஆய்வுகளைக் காட்டி மலக்கசிவுக்கும் நிரூபணமாகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் ஊரில் ஊசியே இல்லாமல், விரலால் ஒரு புள்ளியைத் தொட்டே குணமாக்குகிறார்களாம். அது?

தமிழ்நாட்டில் அக்கு ஹீலர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நாடி பார்த்து, ஒரே புள்ளியைச் சில விநாடிகள் தொட்டு, போய்வாருங்கள் என்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அதைப் பற்றியவை அல்ல. நரம்பு தூண்டப்படுகிறது என்ற விளக்கம் ஊசிக்காவது, மின்தூண்டலுக்காவது பொருந்தும். மணிக்கட்டைத் தொட்டால் ஆசனவாயின் கிழிந்த தசை என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் இல்லை. தொடுவதால் கெடுதல் வராது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிவுரைகளால்தான் வரும்.

என்ன அறிவுரை?

‘எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள், ஸ்கேன் எதுவும் எடுக்காதீர்கள், உடல் கழிவை வெளியேற்றுகிறது, தடுக்காதீர்கள்.’ மலக்கசிவுள்ள ஒருவருக்குக் கடைசி வாக்கியம் ரொம்ப ஆறுதலாக இருக்கும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலப்போக்கு மாறிக் கசிவும் வந்தால் பெருங்குடல் புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். கழிவு நீங்குகிறது என்று ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதம் திரும்ப வராது. இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்கிறவரிடம் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை, எழுந்து வந்துவிடலாம்.

எந்த அறிகுறி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

திடீரென்று அடக்க முடியாமல் போய், கூடவே தொடைகளின் உள்பக்கம் அல்லது ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது, கால்கள் பலமிழப்பது. இது முதுகுத்தண்டின் அடி நரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தச்சோகை இருந்தால் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். நாள் முழுக்கத் தண்ணீராகக் கசிகிறது. வீட்டுக்கு வந்து ஊசி வைப்பவரை அழைக்கலாமா?

முதலில் மலம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு மலக்குடலில் கட்டி மலம் இறுகி அடைத்துக்கொள்ளும். அதன் ஓரமாக மேலிருந்து தண்ணீர் மட்டும் வழியும். பார்ப்பவர்களுக்குப் பேதி போலத் தெரியும். பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். மருத்துவரோ செவிலியரோ விரலால் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். அடைப்பை எடுத்து, திரும்ப அடைக்காமல் மருந்து கொடுத்தால் கசிவு தானாக நிற்கும். இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் டயப்பர் மாற்றும் வீடுகள் ஏராளம்.

தோல் புண்ணாகாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசலினோ ஜிங்க் ஆக்சைடு களிம்போ தடவுங்கள். டெட்டால் வேண்டாம்.

ஊசிக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய எளிய வழிகள் என்ன?

நம் கடைகளிலேயே கிடைக்கும் இசப்கோலிலிருந்து தொடங்கலாம். மலச்சிக்கலுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிவிடுவதால் இளகிய மலத்தைக் கட்டவும் செய்யும். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று வகை நார்ச்சத்தைப் போலிப் பொடியோடு ஒப்பிட்டபோது கசிவைக் குறைத்தது இது மட்டும்தான். குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கும், தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாதவர்களுக்கும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மலம் இளகியே போகிறவர்களுக்கு லோபரமைடு, அதாவது பேதியை நிறுத்தும் மாத்திரை. மருத்துவர் சொல்லும் சிறு அளவில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். வெளியூர் போகும் நாளில் மட்டும் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

தசைப் பயிற்சி, அதாவது கீகல். காற்று பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்கி, சில விநாடி பிடித்து, மெதுவாக விடுவது. தொடையும் வயிறும் சும்மா இருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது. முறையாகச் செய்கிறோமா என்பது பலருக்குத் தெரிவதில்லை, ஒருமுறை இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக்கொண்டால் நல்லது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். அதனால் காலை டிபனுக்குப் பிறகு பதினைந்து இருபது நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். குடலைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினால் வழியில் கசிய ஒன்றும் இருக்காது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளலாம்.

பிரசவத்தில் கிழிந்த தசையை ஊசி ஒட்டவைக்குமா?

ஒட்டவைக்காது. கிழிசல் எவ்வளவு என்பதை ஆசனவாய் வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம். பெரிதாக இருந்தால் கோலோரெக்டல் சர்ஜன், அதாவது பெருங்குடல், ஆசனவாய் அறுவை நிபுணர், தைத்துச் சரிசெய்வார். அதன் பலனும் சில வருடங்களில் மெல்லக் குறைவதுண்டு என்பதால் பயிற்சியைக் கைவிடக் கூடாது. பிரசவமாகிச் சில மாதங்களே ஆகியிருந்து கசிவு இருந்தால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும், மாமியாரே சொன்னாலும், பிரசவம் பார்த்த மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகிறது, அடக்கவும் முடியவில்லை. அக்குபங்சர் உதவுமா?

மலக்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டதால் சேமித்து வைக்கும் இடம் போய்விட்டது. அறுவைக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு வருடங்களில் ஓரளவு தானாகவே தேறும். லோபரமைடு, நார்ச்சத்து, பயிற்சி, ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவுவது, இவைதான் பலன் தருபவை. ஊசி வைத்துக்கொள்வதானால் கீமோ நடக்கும் காலத்தில் இரத்த அணுக்கள் எவ்வளவு என்று தெரியாமல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசியால் ஆபத்து உண்டா?

தெரிந்தவர் கையில் மிகக் குறைவு. ஜெர்மனியில் 2 லட்சத்து 29 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 100க்கு 8, 9 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வந்தது, பெரும்பாலும் சிறு இரத்தக் கசிவு, வலி. சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 100க்கு 2 பேர்தான். வெறும் வயிற்றில் போனால் சிலருக்கு மயக்கம் வரும், ஒரு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஊசி உங்கள் கண்முன் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும், ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஜி.வி. 1 ஆசனவாய்க்கு மிக அருகில் இருப்பதால் கசிவு உள்ளவரிடம் அந்த இடத்தைச் சுத்தமாக வைப்பதே கடினம். எனக்கு அந்தப் புள்ளி வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். பெண்கள் தங்களோடு ஒருவரை அழைத்துப் போகலாம், பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு மின்தூண்டல் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எஸ்.பி. 6, திருவெலும்புப் புள்ளிகள் இரண்டையும் மரபிலேயே விலக்கியிருக்கிறார்கள். வார்ஃபரின் போன்று இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிக்காக அந்த மாத்திரையை நிறுத்துவது தப்பு. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு, மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டும் மோக்ஸாவைச் செய்யவே கூடாது. சுட்டாலும் தெரியாது, புண் ஆறுவதற்குள் காலே போய்விடக்கூடும்.

யாரிடம் போவது? அரசு அங்கீகாரம் இருக்கிறதா?

மத்திய சுகாதார அமைச்சகம் 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அந்த முறைக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் எல்லாச் சான்றிதழுக்கும் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே படித்தார், எவ்வளவு காலம், மருத்துவப் பின்னணி உண்டா என்று கேளுங்கள். மலக்கசிவு என்றதும் ‘டாக்டரைப் பார்த்தீர்களா, என்ன காரணம் என்றார்?’ என்று முதலில் கேட்கிறவர் நல்லவர். ‘நூறு சதவீதம் குணம்’ என்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எத்தனை முறை வைத்துப் பார்க்கலாம்? எப்போது நிறுத்துவது?

ஆய்வுகளில் பத்து, பன்னிரண்டு முறை செய்திருக்கிறார்கள். அந்த அளவு போதும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை முறை கசிந்தது, நீரா கட்டியா, அவசரம் வந்ததா தெரியாமலேயே வந்ததா, எத்தனை பேட் மாற்றினீர்கள். கடைசி இரண்டு வாரமும் அதேபோல் குறியுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாரத்துக்கு ஏழு தடவை மூன்றாகியிருந்தால் தொடரலாம். ஆறாகியிருந்தால் நிறுத்திவிடலாம். ‘இப்போதுதான் உடல் தயாராகியிருக்கிறது, இன்னும் இருபது முறை வேண்டும்’ என்று சொன்னால் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

ஒரே வாரத்தில் இசப்கோல், பயிற்சி, ஊசி மூன்றையும் தொடங்காதீர்கள். எது உதவியது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் அக்குபங்சருக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

நிறையப் பேர் இந்தக் காரணத்தால்தான் அங்கே போகிறார்கள், துணியைக் கழற்றாமல் மணிக்கட்டை நீட்டினால் போதுமே! ஆனால் ஒரு கேஸ்ட்ரோ மருத்துவருக்கோ கோலோரெக்டல் சர்ஜனுக்கோ இது தினமும் கேட்கும் பேச்சு. வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள்: ‘எனக்கு மோஷன் அடக்க முடியவில்லை. இத்தனை மாதமாக. வாரத்துக்கு இத்தனை தடவை. இத்தனை பிரசவம், இன்ன அறுவை நடந்திருக்கிறது. இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்.’ கூடவே அந்த இரண்டு வார நோட்டு. விரல் பரிசோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது. தேவைப்பட்டால் வளையத் தசையின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி, அல்ட்ராசவுண்ட், கொலனோஸ்கோபி என்று அடுத்து எழுதிக் கொடுப்பார். அக்குபங்சரும் வைத்துக்கொள்ள நினைக்கிறேன் என்பதையும் அதே தாளின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள், வேண்டாம் என்பதற்கு ஏதாவது காரணம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.